அவளுக்குச் சிட்டு, எனக்குக் குரங்கு

எங்க ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் தியோலிந்தாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுவாங்க. பாதிரியார் சொல்லுவாரு, பஸ் டிரைவர் சொல்லுவாரு, கடை வெச்சிருக்கிற குளோத்தில்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொல்லுவா. எல்லாத்தையும் கேட்டுட்டுக் கடைசியா என்கிட்டயும் வாங்க. நான் அவளுக்கு ஓரகத்தி. அண்ணனுக்கு நான் வாக்கப்பட்டேன், தம்பிக்கு அவ வாக்கப்பட்டா. ஒரே அடுப்புப் புகையில ரெண்டு பேரும் கண்ணு கரிச்சு நின்னவங்க. இந்தச் சொராய்தாவுக்குப் பொறாமைன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. பேசிட்டுப் போகட்டும். என் வயிறு எரியுது, அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

முதல்லேருந்தே சொல்றேன். என் மாமனார் கண்ணை மூடுறதுக்கு முன்னாடி மலையை ரெண்டாப் பிரிச்சாரு. மேல் பங்கு பூரா காடு. பெரிய பெரிய மரம், எந்நேரமும் பனிமூட்டம், வத்தாத ஊத்து. கீழ்ப் பங்கு ரோட்டோரமா ஒரு பள்ளம். முள்ளுப் புதரைத் தவிர அதுல ஒண்ணும் கிடையாது. ஆடு கூட அந்தப் பக்கம் மேயப் போகாது. எங்க பழக்கத்துல மூத்தவன்தான் முதல்ல கேக்கணும். என் வீட்டுக்காரர் அதெல்மோ இருக்காரே, அவரு எதைக் கேட்டாலும் யோசிக்கிற ஆளு. நான் பக்கத்துல உக்காந்து அவர் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். "மேல"ன்னு கத்திட்டாரு.

தம்பி நேரியோ மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவன் பொண்டாட்டி தியோலிந்தா, வந்து ஒரு வருஷம் ஆகாத பொண்ணு, பக்குன்னு சிரிச்சா. "பரவாயில்ல மாமா, விறகுக்கு ஆச்சு"ன்னா. நான் அவ தலையைத் தடவி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி "பாவம்"னு சொன்னேன். அந்த வார்த்தை என் நாக்குல இனிச்சது இன்னும் மறக்கலை.

அப்புறம் நேரியோ போய்ச் சேர்ந்தான். மழைக்காலத்துல மலை சரிஞ்சு ரோட்டோட லாரியையும் இழுத்துட்டுப் போச்சு, அந்த லாரியில அவன் இருந்தான். புள்ளை கிடையாது. தியோலிந்தா தாய் வீட்டுக்குப் போயிடுவான்னு நினைச்சேன். போகலை. செத்துப்போன புருஷனோட ரப்பர் பூட்ஸை மாட்டிக்கிட்டு, உள்ள துணியைத் திணிச்சுக்கிட்டு, பள்ளத்துல குடிசை போட்டு உக்காந்துட்டா.

எங்க ஊர்ல மிங்கான்னா ஒரு வீட்டு வேலைக்கு ஊரே வந்து கை கொடுக்கிறது. கூலி கிடையாது. சாப்பாடும் கரும்புக் கள்ளும் வீட்டுக்காரங்க பொறுப்பு. இன்னைக்கு நீங்க எனக்கு, நாளைக்கு நான் உங்களுக்கு. ஆம்பளை இல்லாத வீட்டுலேருந்து யாரும் வரலைன்னா ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. இவ வருவா. சமையல் பக்கம் போகாம நேரா ஆம்பளைங்க வரிசையில போய் நிப்பா. மரக்கட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஓடுவா. நான் மிச்சம் மீதி மரவள்ளிக்கிழங்கை இலையில கட்டிக் கொடுத்து, "பாவம்"பேன். வாங்கிக்கிட்டுப் போவா. எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்.

அந்தத் தூக்கத்துல மண்ணை அள்ளிப் போட்டது ஒரு சிட்டு.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். றெக்கை அடிக்கிறது கண்ணுக்கே தெரியாது, பூவுக்கு முன்னாடி அந்தரத்துல நின்னு தேன் குடிக்கும். அந்த மாதிரி சிட்டு எங்க மலையில எத்தனையோ வகை. இது கரண்டிவால் சிட்டு. ஆண் சிட்டுக்கு வால்ல நீளமா ரெண்டு இறகு, கம்பி மாதிரி மெலிஞ்சு போய் நுனியில மட்டும் ஊதாக் கலர்ல கரண்டி மாதிரி அகலும். பெட்டையைப் பார்த்துட்டா அந்த ரெண்டு கரண்டியையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டி ஆட்டிக் காட்டுவான். எங்க மலைப் பக்கத்தை விட்டா உலகத்துல வேற எங்கயும் இது கிடையாதாம். அது குடிக்கிற பூவெல்லாம் எந்தப் புதர்ல பூக்குது தெரியுமா? நான் கிள்ளித் தள்ளிவிட்ட அந்த முள்ளுப் புதர்ல.

தலைநகரம் லிமாவுலேருந்து ஹிமேனான்னு ஒரு பொண்ணு வந்தா. காட்டு ஜீவன்களைப் பத்திப் படிச்சவ. பள்ளத்துல காலை வெச்ச முதல் நாளே வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டாளாம். அவ்வளவுதான். அடுத்த வறண்ட காலத்துக்குள்ள தியோலிந்தா பள்ளத்துல பலகை பெஞ்சு, நாற்காலி, மேல தகரக் கூரை, மரத்துக்கு மரம் சிவப்புக் கிண்ணத்துல சீனித்தண்ணி. எங்கெங்கேருந்தோ ஆளுங்க வந்தாங்க. கை நீளத்துக்கு கேமரா. கோயில்ல உக்காந்த மாதிரி மூச்சுக் காட்டாம உக்காந்திருப்பாங்க. அந்தப் பொடிசு வாலை ஆட்டினா போதும், கட்டின பொண்டாட்டியை மறந்துட்டு வாயைப் பொளந்து பாப்பாங்க. தியோலிந்தா ஓரமா நின்னு காப்பி ஊத்திக் கொடுப்பா. போறப்ப அவ கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போவாங்க. என் கையை இதுவரைக்கும் வெளியூர்க்காரன் எவனாவது குலுக்கியிருக்கானா?

எனக்கு என்ன கிடைச்சுது? குரங்கு.

சாதாரணக் குரங்கு இல்ல. மஞ்சவால் குரங்கு. உடம்பு பூரா செம்பட்டைக் கம்பளி, மூக்குக்கிட்ட வெள்ளை, வாலுக்கு அடியில மஞ்சக் கோடு. ஆண் குரங்குக்குக் காலுக்கு நடுவுல ஒரு மஞ்சக் குஞ்சம் தொங்கும், பாதிரியார் முன்னாடி அதைப் பத்திப் பேச முடியாது. அதுவும் எங்க மலைப் பக்கத்தை விட்டா எங்கயும் கிடையாது. அதுவும் அழிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. ஹிமேனா கொண்டு வந்து பஞ்சாயத்துக் கொட்டாய்ல ஒட்டின படத்துல ரெண்டும் பக்கம் பக்கமா இருக்கும், ரெண்டுக்கும் கீழ அதே சிவப்பு எழுத்து. நான் அவகிட்டயே கேட்டேன்.

"ஏம்மா, ரெண்டுல எது ரொம்ப அழியுது?"

"குரங்குதான் சொராய்தாம்மா. அதோட நிலைமை சிட்டை விட மோசம்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. அதுலயாவது நான் முந்திக்கிட்டேனே!

"அப்ப ஏன் சிட்டுக்கு மட்டும் நாற்காலி?"

"சிட்டு சீனித்தண்ணிக்கு வருதும்மா. குரங்கைப் பாக்கணும்னா சேத்துல நாலு மணி நேரம் ஏறணும். ஏறினாலும் நிக்குமா?"

யோசிச்சுப் பாத்தா ஆதியிலேருந்தே இப்படித்தான். எங்க அப்பா காலத்துல ஆம்பளைங்க கவண்கல்லால அந்தச் சிட்டை அடிப்பாங்க. அதோட இதயத்தைக் காய வெச்சுப் பையில வெச்சுக்கிட்டா ஆசைப்பட்ட பொண்ணு பின்னாடியே வந்துடுவாளாம். குரங்கை எதுக்கு அடிச்சாங்க? சூப்புக்கு. அவளோடது காதலுக்குச் செத்துச்சு, என்னோடது கொதிக்கிற சட்டிக்குச் செத்துச்சு. சாவுலயும் அவ பக்கம்தான் ஒசத்தி.

நானும் சும்மா இருக்கலை. ஒரு தடவை தியோலிந்தா வீட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தரை, நெட்டையா வெள்ளைத் தாடியோட இருந்தாரு, "வாங்க ஐயா, இதை விடப் பெருசா காட்டுறேன்"னு நானே கூட்டிட்டுப் போனேன். முட்டி வரைக்கும் சேறு. ரெண்டு இடத்துல விழுந்தாரு. மூணாவது இடத்துல நானும் விழுந்தேன். மேல போனா நல்ல நேரம், மொத்தக் கூட்டமும் மரத்துல இருக்கு. நான் "பாருங்க பாருங்க"ன்னு கையை நீட்டினேன். நாய் மாதிரி ஒரு குரைப்பு. கிளையை ஆட்டி உடைச்சு எங்க மேலயே வீசுதுங்க. அந்தக் குஞ்சம் வெச்ச தடியன் இருக்கானே, நேரா அவரு தலைக்கு மேல வந்து நின்னான். அவரு ஆசையா அண்ணாந்து பாத்தாரு. அடுத்த நிமிஷம் தொப்பியிலேருந்து தாடி வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டாரு. மழை இல்ல அது.

நல்ல மனுஷன், சிரிச்சுட்டாரு. ஆனா இறங்கினதும் எங்க போயி மூஞ்சி கழுவினாரு தெரியுமா? தியோலிந்தா வீட்டுல. அவ துண்டு கொடுத்தா, காப்பி கொடுத்தா. கழுவின கையோட மறுபடியும் சிட்டு முன்னாடி போய் உக்காந்துட்டாரு. எனக்குக் காதுல புகை வந்துச்சு.

ஊர் வாசல்ல புதுசா வளைவு கட்டினாங்க. அதுக்கு மேல எதை வைக்கிறதுன்னு கூட்டம் போட்டப்ப எல்லாக் கையும் சிட்டுக்குத்தான் உயர்ந்துச்சு. என் பக்கத்துல உக்காந்திருந்த அதெல்மோ கையும் மேல போச்சு. வீட்டுக்கு வந்ததும் பிடிச்சுக்கிட்டேன்.

"எதுக்குங்க கையைத் தூக்கினீங்க?"

"எல்லாரும் தூக்கினாங்கடி."

"எல்லாரும் கிணத்துல குதிச்சா?"

"நம்ம ஊர்ல கிணறு ஏதுடி?"

இந்த மனுஷன்கிட்ட பேசி ஆகப்போறது ஒண்ணும் இல்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அந்தக் காட்டால எனக்கு என்ன பிரயோஜனம்? வெட்டித் தள்ளிட்டுப் புல்லு போடுவோம், மாடு வளப்போம். மாடாவது பால் கொடுக்கும், வந்தவங்க தலையில ஒண்ணுக்குப் போகாது. அதெல்மோ தலையைச் சொறிஞ்சாரு. "சட்டப்படி அங்க கோடாலி வைக்கக் கூடாதுன்னு ஹிமேனா பொண்ணு சொல்லிச்சே"ன்னாரு. "சட்டம் போட்டவன் வந்து என் வீட்டு அடுப்பை எரியவிடட்டும்"னேன். ரெண்டே நாள்ல மேய்ச்சலைச் சுத்தி நடுறதுக்கு வேலிக் கம்பம் சேக்க ஆரம்பிச்சுட்டாரு. சான் ஹுவான் திருவிழா முடிஞ்ச மறுவாரம் மிங்கான்னு ஊர் பூரா சொல்லிவிட்டேன்.

மூணாம் நாளே தியோலிந்தா வந்து நின்னா. கையில சோளத்தோல்ல சுத்தி அவிச்ச பலகாரம், இன்னும் ஆவி பறக்குது. வாங்கி வெச்சுக்கிட்டேன். பலகாரம் என்ன பாவம் பண்ணுச்சு?

"அக்கா, காட்டை வெட்டப் போறீங்களாமே?"

"என் காட்டைத்தானே வெட்டுறேன். உன் சிட்டு றெக்கையையா வெட்டப் போறேன்?"

"குரங்குங்க எங்கக்கா போகும்?"

"உன் வீட்டுக்கு வரட்டும். நீதான் யார் வந்தாலும் நாற்காலி போடுறவளாச்சே. உக்கார வெச்சுச் சீனித்தண்ணி ஊத்து."

சிரிச்சுட்டா. இவகிட்ட அதுதான் எனக்கு ஆகாது. நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டாலும் சிரிப்பா.

"அதுங்க உங்களை என்னக்கா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலையே, அதானே! உன்னோடது உனக்கு என்னென்னமோ பண்ணுது. என்னோடது எனக்கு ஒண்ணும் பண்ணலை."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்களேன்."

"பள்ளத்தை வெச்சிருக்கிறவ பொறுப்பா. நான் எதுக்குப் பொறுக்கணும்? மிங்காவுக்கு உன்னையும் கூப்பிடுறேன். வருவியா மாட்டியா?"

ஆம்பளை இல்லாத வீடா இருந்தாலும், நேர்ல பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்தே ஆகணும். சொந்தக்காரி வரலைன்னா செத்தா கூட தோள் கொடுக்க ஆள் வராது எங்க ஊர்ல. அவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் நான் கேட்டேன். சிட்டை வெச்சு ஊரே எவளைத் தலையில தூக்கி வெச்சு ஆடுதோ, அவ கையாலேயே என் காட்டுல முதல் மரம் விழட்டும்னு ஒரு ஆசை.

"வர்றேன்"னா.

"கோடாலி எடுத்துட்டு வா."

"எடுத்துட்டு வர்றேங்க்கா."

அவ போனதும் பலகாரத்தைத் தின்னேன். பாழாப்போனவ, அதையும் நல்லாத்தான் செஞ்சிருந்தா.

திருவிழா முடிஞ்சுது. மிங்காவுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப உப்பு வாங்கக் குளோத்தில்தா கடைக்குப் போனேன். உப்பை நிறுத்துட்டுப் பொட்டலம் கட்டாம அப்படியே நின்னா.

"என்னடி, முழுங்க முடியாம முழிக்கிற?"

"உன்கிட்ட சொல்லக் கூடாது. சொல்லாம இருந்தா எனக்கு வயித்து வலி வந்துடும்."

"சொல்லித் தொலை."

"உன் ஓரகத்தி கொஞ்ச நாளா வெள்ளென எழுந்து மேல்காட்டுக்குப் போறா. என் கடையைத் தாண்டித்தான் போறா. பாட்டு வேற பாடிக்கிட்டு. உன் வீட்டுக்காரரும் மரத்துக்கு அடையாளம் போட அங்கதானே போறாரு?"

உப்பை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன். அதெல்மோவா? வழுக்கைத் தலை, முதுகு வலி, சாப்பிட்டா ஏப்பம் விடுற அந்த மனுஷனா? இருந்தாலும் என் மனுஷன். சிட்டு போச்சு, வளைவு போச்சு, இதுவுமா? வீட்டுக்கு வந்து பாத்தா உக்காந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காரு. எதுக்கு எண்ணெய்? யாருக்குக் காட்ட? கையும் களவுமாப் பிடிச்சுட்டு அப்புறம் கேப்போம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் விடிஞ்சதும் அவரு ஒரு வழியாக் கிளம்பினாரு, நான் இன்னொரு வழியாக் கிளம்பினேன். தியோலிந்தா பள்ளத்துலேருந்து என் காட்டுக்கு ஏற ஒரே ஒரு வழிதான் உண்டு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் ஓடை, நடுவுல சந்து மாதிரி இடம். அந்த வழியிலேயே ஏறினேன். ஈரத்துல அவ பூட்ஸ் தடம் தெளிவா இருந்துச்சு. புருஷன் பூட்ஸ் இல்லையா, தடம் பெருசு.

அவளைப் பாத்தேன். தனியாத்தான் இருந்தா. அதெல்மோ அங்க இல்ல, தூரத்துல எங்கேயோ அவரு இருமுறது மட்டும் கேட்டுச்சு. பாவம் அந்த மனுஷனை என்னவெல்லாம் நினைச்சேன். ஆனா மனசு ஆறலை. ஏன்னா நான் பாத்தது அதை விட மோசம்.

ஒரு பெரிய மரத்து வேர்ல சாஞ்சு கால் நீட்டி உக்காந்திருந்தா. தலைக்கு மேல என் குரங்குங்க. ஒண்ணு பழத்தைக் கடிச்சுத் துப்புது, தோல் அவ மடியில விழுது. ஒண்ணு வாலைக் கிளையில மாட்டித் தொங்கிக்கிட்டே தூங்குது. ஒரு தாய்க் குரங்கு, முதுகுல குட்டி, தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து அவளை ஒரு பார்வை பாத்துட்டு, நம்ம வீட்டு ஆளுதான்ங்கிற மாதிரி குட்டிக்குப் பேன் பாக்க ஆரம்பிச்சுது. குரைக்கலை, வீசலை, யார் தலையிலயும் எதையும் ஊத்தலை.

நான் ஒரு அடிதான் எடுத்து வெச்சேன். குரைப்பு கிளம்பிச்சு பாருங்க! என் தோள் மேல கிளை, காலுக்கிட்ட கிளை, மூஞ்சியில பாசி. என் நிலம், என் மரம், என் குரங்கு, அடி வாங்குறது நான்!

"அக்கா, அசையாதீங்க"ன்னா அவ. "அப்படியே உக்காருங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"என் காட்டுல எனக்கு நீ உக்காரச் சொல்றியா? எத்தனை நாளா இது?"

"என் வீட்டுக்காரர் செத்த மறுவருஷத்துலேருந்து. வீட்டுல இருக்க முடியலைன்னா இங்க வந்துடுவேன். முதல்ல என்னையும் அடிச்சுதுங்க. அதோ அந்தத் தாய்க்காரியை, குட்டியா இருந்தப்பலேருந்தே எனக்குத் தெரியும்."

"உனக்குத்தான் சிட்டு இருக்கே! அது போதாதா உனக்கு?"

தியோலிந்தா மேல பாத்துக்கிட்டே சொன்னா. "சிட்டுக்கு என்னைத் தெரியாதுக்கா. நாளைக்கு நான் செத்தா, கிண்ணத்துல சீனித்தண்ணி இருந்தா போதும், வந்து குடிச்சுட்டுப் போயிடும். இதுங்களுக்கு நான் ஒண்ணும் கொடுத்தது இல்ல. ஆனா என்னைத் தெரியும்."

அப்ப அந்தத் தாய்க் குரங்கு என்னைப் பாத்துப் பல்லைக் காட்டிட்டு, அவ பக்கமா நகர்ந்து உக்காந்துச்சு. என் வயித்துல யாரோ கொள்ளிக்கட்டையை வெச்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா எனக்கு வாய்ச்சது இதுன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, அதையும் இவ கமுக்கமா எடுத்துக்கிட்டாளா? விறுவிறுன்னு இறங்கி வந்துட்டேன். சேத்துல மறுபடியும் விழுந்தேன், அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது.

மிங்கா அன்னைக்கு வாசல் பூரா ஆளுங்க. கோடாலி, அரிவாள், ரம்பம். கினிப்பன்றி வறுத்து, சோளமும் பயறும் போட்டு வேக வெச்சு, கள்ளு குடம் குடமா. தியோலிந்தா சொன்ன மாதிரியே கோடாலியோட வந்து வரிசையில நின்னா. மூஞ்சி வெளுத்திருந்துச்சு. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சுக் கையைக் கழுவினாங்க. எங்க பழக்கத்துல சாப்பாடு போட்டுட்டு வேலை இல்லைன்னு ஆளுங்களைத் திருப்பி அனுப்பினா அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறைக்கும் அவமானம். அதே மாதிரி, சாப்பிட்டவங்க வீட்டுக்காரி சொல்ற வேலையைச் செய்யணும், என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது.

அதெல்மோ கோடாலியைத் தோள்ல போட்டு, "சரி, எந்தப் பக்கத்துலேருந்துடி ஆரம்பிக்கிறது?"ன்னாரு.

"கோடாலியைக் கீழ வைங்க"ன்னேன். "ஒரு மரத்து மேல கை வைக்கக் கூடாது. அங்க கிடக்கிற வேலிக் கம்பத்தையெல்லாம் தூக்குங்க. பாறைக்கும் ஓடைக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சந்தை அடைக்கணும். அது என் காடு. என் குரங்கு. பள்ளத்துலேருந்து ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாது."

எவனோ சிரிச்சான், எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. "சொராய்தாவுக்குக் குரங்கு மேல ஆசை வந்துடுச்சுடோய்! அதெல்மோ, நீ இனிமே மரத்துலதான் படுக்கணும்!" சிரிச்சுட்டுப் போகட்டும். நான் தியோலிந்தாவை மட்டும்தான் பாத்தேன். அவளும் சாப்பிட்டவதான். அவளும் தூக்கித்தான் ஆகணும். ஊர்ல இன்னொரு பழக்கமும் இருக்கு: மிங்காவுல அடுத்தவங்க நிலத்துக்கு வேலி போடக் கை வெச்சவங்க, எந்த வழியாவும் அந்த வேலியைத் தாண்டி உள்ள போகக் கூடாது. தாண்டினா ஊர்க்காவல் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நிக்கணும். அவ கோடாலியைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, ஒரு கம்பத்தைத் தோள்ல தூக்கினா.

மத்தியானத்துக்குள்ள வேலி முக்கால்வாசி முடிஞ்சுது. குழி தோண்டினாங்க, கம்பம் நட்டாங்க, முள்ளுக்கம்பி இழுத்தாங்க. அதெல்மோ என் பக்கத்துல வந்து நெத்தியைத் துடைச்சாரு. ரெண்டு கிண்ணம் கள்ளு உள்ள போயிருந்துச்சு, வாய் திறந்துடுச்சு.

"நான் சொன்னது சரியாத்தான் போச்சு."

"யாருகிட்ட என்ன சொன்னீங்க?"

"தியோலிந்தாகிட்டதான். அக்கா மனசை எப்படி மாமா மாத்துறதுன்னு வந்து அழுதா. உங்கக்காகிட்ட கெஞ்சினா வேலைக்கு ஆகாது, ஒரு பொருள் மேல நீ ஆசைப்படுறது தெரிஞ்சா அவ அதை உயிர் போனாலும் விடமாட்டான்னு சொன்னேன். இத்தனை வருஷம் ஒருத்தர் கண்ணுலயும் படாம ஓடையோரமாப் போய்க்கிட்டு இருந்தவ, அதுக்கப்புறம்தான் வேணும்னே கடை வாசல் வழியாச் சுத்திப் பாட்டுப் பாடிக்கிட்டுப் போனா."

அடி பாவி! என் பொறாமையையும் எடுத்து உன் வேலைக்குப் பயன்படுத்திக்கிட்டியா? அப்பவே வேலியைப் பிடுங்கச் சொல்லி, கோடாலியை எடுங்கடான்னு கத்தியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா வெட்டினா குரங்கு போயிடும். குரங்கு போனா, அதுங்க ஒரு நாளாவது என்னைத் தெரிஞ்சவளாப் பாக்கும்ங்கிற நினைப்பும் போயிடும். நேத்துலேருந்து அந்த நினைப்பு வந்து ஒட்டிக்கிச்சு, உதறினாலும் போகலை. அவரு கையிலேருந்த சம்மட்டியைப் பிடுங்கிக்கிட்டு நேரா அவகிட்ட போனேன்.

கடைசிக் கம்பத்தை நிறுத்தி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருந்தா, வேலிக்கு அந்தப் பக்கம், அவ பள்ளத்துப் பக்கம். நான் என்ன கேக்க வந்தேன்னு என் மூஞ்சியைப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. சிரிச்சா.

"நல்லா அடிங்கக்கா. ஆழமா இறக்காம விட்டீங்கன்னா ஆட்டிப் பிடுங்கிட்டு நான் உள்ள வந்துடுவேன்."

மேல காட்டுக்குள்ள அதுங்க குரைக்க ஆரம்பிச்சுதுங்க. அவ தலையைத் தூக்கிப் பாக்கலை. சிரிச்ச வாய் சிரிச்சபடியே இருக்கு, கண்ணுலேருந்து தண்ணி கன்னம் வழியா இறங்குது. ரெண்டு கையும் கம்பத்துல இருந்துச்சு, துடைக்க முடியலை.

நான் பாத்துக்கிட்டே நின்னேன். மாமனார் செத்தப்ப நான் அடுப்புப் புகையில நின்னுதான் அழுதேன். நேரியோ செத்தப்ப ஊர் பாக்குதேன்னு அழுதேன். எதுக்காகவும் எனக்கு இப்படித் தானா வழிஞ்சது இல்ல. இவ அதுங்க உசுரோட இருக்கணும்னு தன்னை வெளியில வெச்சு வேலி போட்டுக்கிட்டு, அந்த வேலிக் கம்பத்தையும் தானே பிடிச்சுக்கிட்டு அழறா. வயிறு பத்தி எரிஞ்சுது எனக்கு. அந்தக் கண்ணீரும் எனக்கு வேணும் போல இருந்துச்சு. சம்மட்டியைத் தூக்கி, அவ சொன்ன மாதிரியே நல்லா ஆழமா இறக்கினேன்.